கொடி எங்கே ஒட்டியிருக்கிறது? 32-ஆவது வாரத்தில் கண்ட வாசா பிரீவியா

ஸ்கேன் அறைக்கு வரும் தமிழ்க் குடும்பங்களிடம் இரண்டு கேள்விகள் கட்டாயம் இருக்கும். "பிள்ளை நல்லா இருக்கா?" என்று தாய் கேட்பார். "கொடி சுத்தியிருக்காம்மா?" என்று கூட வந்த பாட்டி கேட்பார். கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்படிப் பிறந்த பிள்ளையின் முகத்தை மாமன் நேரே பார்க்காமல் எண்ணெயில் பார்க்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. இங்கே சிங்கப்பூரில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் வீடுகளிலும் அந்தக் கேள்வி மாறவில்லை.

பதினேழு வருடமாக ஸ்கேன் எடுக்கும் இந்த வேலை பார்க்கிறேன். கொடியின் மறுமுனை நஞ்சில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கழுத்தைச் சுற்றும் கொடி பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. நிறைமாதத்தில் ஏறக்குறைய நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்கு அது இருக்கும், சுகமாகவே பிறக்கும். ஒட்டிய இடம் தவறியிருந்தால் கதை வேறு. அப்படித் தவறி, கொடியின் ரத்தக்குழாய்கள் கருப்பை வாயின் மேல் குறுக்கே கிடந்த ஒரு கர்ப்பத்தைப் பற்றியது இந்த ஆய்வு. அந்த நிலைக்குத்தான் வாசா பிரீவியா என்று பெயர். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு சொல் விளக்கம். தமிழில் இரண்டையுமே கொடி என்று சொல்லிவிடுகிறோம்: நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி. குழப்பம் வேண்டாம். "நஞ்சு விழுந்துச்சா?" என்று மருத்துவச்சிகள் கேட்பார்களே, அந்த நஞ்சுதான் பிளசென்டா. கொடி என்று நான் எழுதுவதெல்லாம் தொப்புள்கொடியை.

வந்தவர்

வயது 34. கணவரோடும் அம்மாவோடும் உட்லண்ட்ஸில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் குடியிருக்கிறார். திருமணமாகி ஆறு வருடம். முதல் மூன்று வருடம் தானாகத் தங்கும் என்று காத்திருந்தார்கள், பிறகு ஐவிஎஃப் என்ற சோதனைக்குழாய்ச் சிகிச்சை. தகுதியுள்ள தம்பதிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சைச் செலவில் 75 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்திலிருந்து சேரும் மெடிசேவ் கணக்கிலிருந்தும் முதல் சுற்றுக்கு 6,000 வெள்ளி, இரண்டாவதற்கு 5,000, மூன்றாவதற்கு 4,000 எடுக்கலாம். "காசு கூட சமாளிச்சுட்டோம், மனசுதான் ரொம்பச் செலவாயிடுச்சு" என்றார் அவருடைய அம்மா. உறைய வைத்திருந்த கருவை இரண்டாவது முறை வைத்தபோது தங்கியது.

ஐவிஎஃப் என்றால் சிங்கப்பூருக்கு நெடுநாள் உறவு. சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983-இலேயே பிறந்தது. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையில் பிறந்த தமிழர், பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம். ஐவிஎஃப் பற்றி இங்கே சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் கதையின் முதல் தடயம் அதுதான்.

அவர் 12-ஆவது வார ஸ்கேனையும் 20-ஆவது வார விரிவான ஸ்கேனையும் வேறொரு இடத்தில் எடுத்திருந்தார். 20-ஆவது வார அறிக்கை அவர் பையில் இருந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். இதயத்தில் நான்கு அறைகள், இரண்டு சிறுநீரகங்கள், முதுகெலும்பு, உதடு, கைகால், எல்லாம் சரி. கொடியில் மூன்று ரத்தக்குழாய்கள், சரி. நஞ்சு பின்சுவரில், கீழ்விளிம்பு கருப்பை வாயிலிருந்து 1.1 செ.மீ. தூரத்தில். "நஞ்சு இறங்கியுள்ளது, 32 வாரத்தில் மறுபடி பார்க்கவும்" என்று முடிந்திருந்தது. கொடி நஞ்சில் எங்கே சேர்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. நஞ்சு இறங்கியிருந்தது இரண்டாவது தடயம்.

32 வாரம் 2 நாள்

எங்கள் அறைக்கு அவர் வந்தது ஒரு வியாழக்கிழமை பிற்பகல். அம்மாவும் உடன் வந்திருந்தார். அடுத்த ஞாயிறு வளைகாப்பு. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மண்டபம் பேசியாயிற்று, ஊரிலிருந்து தம்பி வந்தாயிற்று. அந்த உற்சாகத்தில் அம்மா பேசிக்கொண்டே இருந்தார்.

வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்த்தேன். தலை கீழே. எடை கணக்கில் 1.85 கிலோ. பனிநீர் போதுமானது. நஞ்சின் கீழ்விளிம்பு கருப்பை வாயிலிருந்து 3.6 செ.மீ. தள்ளிப் போயிருந்தது. "நஞ்சு ஏறிடுச்சும்மா" என்றேன். அம்மா, "முருகா!" என்று கைகூப்பினார்.

இந்த இடத்தில் எத்தனையோ ஸ்கேன்கள் முடிந்துவிடும். எதற்காக அனுப்பினார்களோ அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அடுத்தவர் வெளியே காத்திருக்கிறார். ஆனால் நஞ்சு ஏறிய பிறகுதான் நான் பார்த்தே ஆகவேண்டிய ஒன்று இருக்கிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன். கொடி எங்கே சேர்கிறது என்று தேடினேன். பின்சுவர் நஞ்சு, 32 வாரப் பிள்ளை அதை மறைத்துக்கொண்டு படுத்திருக்கிறது, சுலபமாகத் தெரியவில்லை. நஞ்சின் நடுப்பகுதியில் கொடி இல்லை. மேல்விளிம்பிலும் இல்லை. கலர் டாப்ளரைப் போட்டுக்கொண்டு கீழ்நோக்கி வந்தேன். நஞ்சுக்கும் கருப்பை வாய்க்கும் இடையில், பனிக்குடச் சவ்வை ஒட்டினாற்போல், ஒரு மெல்லிய சிவப்புக் கோடு விட்டுவிட்டு மின்னியது.

கலர் டாப்ளரில் தெரியும் சிவப்பைத் தமனி என்றும் நீலத்தைச் சிரை என்றும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கருவியை நோக்கி வரும் ரத்தம் ஒரு நிறம், விலகிப் போகும் ரத்தம் இன்னொரு நிறம், அவ்வளவுதான். 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் விண்மீன்களின் நிறத்தைப் பற்றி யோசித்து எழுதிய விதியை நாங்கள் ஒரு விரற்கடை அகலத்துக்குள் தினமும் பயன்படுத்துகிறோம். நிறத்தைப் பார்த்தால் அங்கே ஏதோ ஓடுகிறது என்று தெரியும். ஓடுவது யாருடைய ரத்தம் என்று தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள யோனிவழி ஸ்கேன் வேண்டும். அவரைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னேன். நஞ்சு இறங்கியிருந்தவர்களுக்கு இந்த ஸ்கேன் ஆபத்து என்று ஒரு பயம் உண்டு. கருவி கருப்பை வாய்க்குள் போவதில்லை, வெளியே சற்றுத் தள்ளியே நிற்கும். பக்குவமாகச் செய்தால் ரத்தப்போக்கு வராது. அதை அவரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

திரையில் கருப்பை வாய் நன்றாகத் தெரிந்தது. நீளம் 3.7 செ.மீ., மூடியிருந்தது. அதன் உள்வாய்க்கு நேர் மேலே, பிள்ளையின் தலைக்கும் வாய்க்கும் நடுவே, இரண்டு குழாய்கள் குறுக்கே கிடந்தன. கொடியின் வளையம் ஒன்று கீழே சரிந்து கிடந்தாலும் இப்படித்தான் தெரியும். அதனால் அவரை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, பத்து நிமிடம் காத்திருந்து, மறுபடி பார்த்தேன். வளையம் என்றால் நகர்ந்திருக்கும். இது இம்மிகூட அசையவில்லை. பல்ஸ் டாப்ளர் புள்ளியை அந்தக் குழாயின் மேல் வைத்தேன். அலை அலையாக வரைபடம் வந்தது: நிமிடத்துக்கு 146. மறு கையால் தாயின் மணிக்கட்டைப் பிடித்தேன்: 84. ஓடுவது பிள்ளையின் ரத்தம்.

அம்மா பேச்சை நிறுத்தியிருந்தார். நான் பேசாமல் இருந்ததைக் கவனித்துவிட்டார். "என்னம்மா, கொடி சுத்தியிருக்கா?" என்றார் மெதுவாக.

நோயின் பெயரைச் சொல்வது என் வேலை இல்லை, மருத்துவர் சொல்ல வேண்டும். அதற்காக ஒன்றும் இல்லை என்று பொய் சொல்லவும் கூடாது. "சுத்தலைம்மா. கொடியோட ரத்தக்குழாய் ஒண்ணு வரக்கூடாத இடத்துல வந்திருக்கு. பிள்ளை இப்ப நல்லா இருக்கு. டாக்டரைக் கூப்பிடுறேன், அவங்களும் பார்க்கட்டும்" என்றேன். மூத்த மருத்துவர் ஏழு நிமிடத்தில் வந்தார். அவரும் கருவியைக் கையில் வாங்கித் தானே பார்த்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். அவர் நின்றுகொண்டு சொல்லாமல் உட்கார்ந்து சொன்னது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று பிறகு அவர்களே என்னிடம் சொன்னார்கள்.

குழாய்கள் ஏன் வெறுமையாகக் கிடக்கின்றன

வழக்கமாகக் கொடி நஞ்சின் நடுவிலோ அதை ஒட்டியோ சேரும். உள்ளே இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் இருக்கும். அவற்றைச் சுற்றி நுங்கு போல வழுவழுப்பான ஒரு பொருள் மெத்தையாக இருந்து காக்கும். வார்ட்டன் ஜெல்லி என்று பெயர். ஏறக்குறைய நூறு கர்ப்பங்களில் ஒன்றில் கொடி நஞ்சை எட்டும் முன்பே பனிக்குடச் சவ்வில் போய் ஒட்டிவிடும். அங்கிருந்து மூன்று குழாய்களும் தனித்தனியாகப் பிரிந்து, மெத்தையும் உறையும் இல்லாமல், சவ்வுக்குள் ஊர்ந்து நஞ்சுக்குப் போகும். அந்தக் குழாய்கள் கருப்பை வாயின் மேல் அமைந்துவிட்டால் அதுதான் வாசா பிரீவியா. நஞ்சு இரண்டு மடலாகப் பிரிந்து, மடல்களுக்கு இடையே குழாய்கள் ஓடினாலும் இதே நிலை வரலாம்.

இனி, நஞ்சு ஏறியதும் ஏன் தேடினேன் என்பது. நஞ்சு காலால் நடந்து மேலே போவதில்லை. கருப்பையின் கீழ்ப்பகுதியில் ரத்த ஓட்டம் குறைவு, மேலே அதிகம். எங்கே ஊட்டம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் நஞ்சு தழைக்கும், கிடைக்காத பக்கம் சுருங்கிக் கரையும். கருப்பையின் கீழ்ப்பகுதியும் மாதம் ஆக ஆக நீண்டு விரியும். இரண்டும் சேர்ந்துதான் "ஏறிடுச்சு" என்கிறோம். பந்தலில் நிழல் விழும் பக்கம் அவரைக்கொடியின் இலைகள் காய்ந்து உதிரும், தண்டு மட்டும் பந்தலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதுதான். நஞ்சின் திசு கரைந்துவிடும். அதற்குள் இருந்த ரத்தக்குழாய் கரையாமல் சவ்வின் மேலேயே தங்கிவிடும். 20-ஆவது வாரத்தில் இறங்கியிருந்த நஞ்சு 32-இல் ஏறிவிட்டது என்பது நல்ல செய்தி. அது போகும்போது எதை விட்டுவிட்டுப் போனது என்று பார்க்காமல் அந்த நல்ல செய்தியைச் சொல்லக்கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

ஐவிஎஃப் கர்ப்பங்களில் இது கூடுதல். பொதுவாக 1,200 முதல் 5,000 கர்ப்பங்களில் ஒன்று என்பார்கள்; ஐவிஎஃப்பில் ஏறக்குறைய 300-இல் ஒன்று என்று ஆய்வுகள் சொல்கின்றன. கரு கருப்பைச் சுவரில் ஒட்டும்போது அதன் திசை மாறிப்போவது காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். எங்கள் பெண்ணுக்கு ஐவிஎஃப், இறங்கிய நஞ்சு என இரண்டும் இருந்தன. வாசா பிரீவியா வரும் பெண்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல் இப்படி ஏதாவது ஒரு முன்னடையாளம் இருக்கிறது. யாரைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

கண்டுபிடிப்பதால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு 2004-இல் ஓயெலெசே என்ற மருத்துவரும் உடன் இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். மொத்தம் 155 வாசா பிரீவியா கர்ப்பங்கள். பிரசவத்துக்கு முன்பே ஸ்கேனில் தெரிந்திருந்தவர்களின் பிள்ளைகளில் 97 விழுக்காடு பிழைத்தன. தெரியாமல் போனவர்களின் பிள்ளைகளில் 44 விழுக்காடுதான் பிழைத்தன. பிழைத்த பிள்ளைகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவந்ததிலும் அதே மாதிரி வித்தியாசம்: 3.4 விழுக்காடு, 58.5 விழுக்காடு. கர்ப்பகால ஸ்கேனில், பார்த்ததற்கும் பார்க்காததற்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி உள்ள இன்னொன்றை நான் படித்ததில்லை.

இருந்தும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதற்கென்று தனிப் பரிசோதனை வேண்டும் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி சொல்லவில்லை. 2018-இல் வந்த அதன் வழிகாட்டியில், அதற்குப் போதிய சான்று இல்லை என்றே இருக்கிறது. அவர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. 20-ஆவது வாரத்தில் கண்டுபிடிக்கும் வாசா பிரீவியாவில் ஒரு பங்கு, கருப்பை விரியும்போது தானே விலகிப்போகிறது. தேவையில்லாமல் ஒரு தாயை மூன்று மாதம் பயத்தில் வைப்பதும், பிள்ளையை முன்கூட்டியே எடுப்பதும் சின்ன விஷயங்கள் அல்ல. ஆனால் கொடி ஒட்டும் இடத்தைப் பார்ப்பது யோனிவழிப் பரிசோதனையும் அல்ல, கூடுதல் செலவும் அல்ல. 20-ஆவது வாரத்தில் பனிநீர் நிறைய இருக்கும், பிள்ளை சின்னதாக இருக்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். முடிந்தவரை அதைக் குறித்துவைக்க வேண்டும் என்று அமெரிக்க அல்ட்ராசவுண்ட் அமைப்பின் நடைமுறை விதி சொல்கிறது. அந்த ஒரு நிமிடத்தை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கொடி சவ்வில் ஒட்டியிருப்பவர்களுக்கும், நஞ்சு இறங்கியிருப்பவர்களுக்கும், ஐவிஎஃப், இரட்டைப் பிள்ளை உள்ளவர்களுக்கும் மட்டும் உள்ஸ்கேனில் டாப்ளர் வைத்துப் பார்க்கலாம் என்பது என் நிலை.

இந்த நிலைக்கு நான் புத்தகம் படித்து வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், வேறோர் இடத்தில், 20-ஆவது வாரத்தில் நான் ஸ்கேன் எடுத்த ஒரு பெண் நிறைமாதத்தில் வலியோடு வந்தார். பனிக்குடத்தை உடைத்தார்கள். தண்ணீரோடு சிவப்பாக வந்தது. பிள்ளையின் துடிப்பு 150-இலிருந்து 60-க்கு விழுந்தது. அறுவை அறைக்கு ஓடி, எல்லோரும் கைவைத்து, பதினான்கு நிமிடத்தில் பிள்ளையை எடுத்தார்கள். வெள்ளைத்தாள் போல் வெளுத்திருந்தது. பிழைக்கவில்லை. என் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். "நஞ்சு இயல்பு" என்று எழுதியிருந்தேன். கொடியைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்கு எந்த விதியும் இல்லை, யாரும் என்னைக் குறை சொல்லவும் இல்லை. அந்தத் தாயின் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து கொடி ஒட்டிய இடத்தைப் பார்க்காமல் நான் ஒருவரையும் எழுந்திருக்கச் சொன்னதில்லை.

"இருபது நிமிஷம்தானே"

மருத்துவர் சொன்ன திட்டம் இது: உடனே சேர்க்கை, பிள்ளையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி, 35-ஆவது வாரம் தொடங்கியதும் திட்டமிட்ட அறுவை. சிக்கல் எதுவும் இல்லாதவர்களுக்கு 34-இலிருந்து 36 வாரத்துக்குள் எடுப்பது என்று பிரிட்டன் வழிகாட்டியும் சொல்கிறது. அதற்கு மேல் காத்திருந்தால் வலியோ பனிக்குடம் உடைவதோ முந்திக்கொள்ளும். அதற்கு முன்னால் எடுத்தால் பிள்ளை மூச்சுக்குத் திணறும்.

கணவர் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கோபப்படவில்லை, பயந்திருந்தார். "வீட்லயே இருக்கட்டுமே டாக்டர். காரில் இருபது நிமிஷம்தானே. 995 கூப்பிட்டா அதுக்குள்ள வந்துடுவாங்க." சிங்கப்பூரில் எல்லோருமே இப்படித்தான் கணக்குப் போடுவோம். எங்கே இருந்தாலும் மருத்துவமனை பக்கம்தான். மற்ற எந்த நோய்க்கும் அது பெரிய வரம்.

மருத்துவர் மேசையில் இருந்த கோப்பிக் கோப்பையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "இந்த வயசுல உங்க பிள்ளையோட உடம்புல இருக்கிற மொத்த ரத்தமும் இந்த ஒரு கோப்பைக்குள்ள அடங்கிடும்" என்றார். ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 முதல் 100 மி.லி. ரத்தம் என்று கணக்கு. ஏறக்குறைய இரண்டு கிலோ பிள்ளைக்கு 200 மி.லி.க்குள்தான் வரும். அதில் பாதி போனாலே தாங்காது. தாயின் ரத்தம் என்றால் அரை லிட்டர் போனாலும் சமாளிக்கலாம். இது தாயின் ரத்தம் இல்லை. பனிக்குடம் கிழியும்போது குழாயும் சேர்ந்து கிழிந்தால் இருபது நிமிடம் கிடைக்காது. கணவர் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி டாக்டர், இன்னைக்கே சேர்த்துடுங்க" என்றார்.

ரத்தப்போக்கோ வலியோ இல்லாத எல்லோரையும் சேர்க்க வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. கருப்பை வாய் நீளமாக இருந்து, வீடும் பக்கத்தில் இருந்தால், வாரம் இரண்டு முறை வரச் சொல்லி வீட்டிலேயே வைத்திருப்பவர்களும் உண்டு. இது தாயைப் பொறுத்து எடுக்க வேண்டிய முடிவு.

வளைகாப்பை ஞாயிறு வார்டிலேயே நடத்திக்கொள்ள தாதியர் அனுமதித்தார்கள். சந்தனம், குங்குமம், ஒரு டப்பா புளியோதரை, ஒரு டப்பா தயிர்சாதம். தேக்காவில் வாங்கிய கண்ணாடி வளையல்கள், இரண்டு கையிலும் பச்சையும் சிவப்புமாய். ஊசி ஏறும் கையில் மட்டும் ஏழோடு நிறுத்திவிட்டார்கள்.

குழாய்க்கு வரைபடம்

35 வாரம் 1 நாள். அன்று காலை ஆறரை மணிக்கு என்னை அறுவை அறைக்கு அழைத்தார்கள். கருப்பையை எங்கே வெட்டுவது என்பது இங்கே முக்கியம். கத்தி போகும் வழியில் குழாய் கிடந்தால் வெளியே எடுக்கும் நேரத்திலேயே பிள்ளைக்கு ரத்தம் போய்விடும். நான் மறுபடியும் டாப்ளரில் குழாய்களைத் தடம்பிடித்து, வயிற்றின் மேல் பேனாவால் கோடு போட்டேன். பின்பக்கம் இடது ஓரத்தில் நஞ்சு முடிகிறது, அங்கிருந்து வாயின் மேலாகக் குறுக்கே, வலது பக்கம் மேலேறி, கொடி ஒட்டிய இடம். அறுவை செய்த மருத்துவர் அந்தக் கோட்டைப் பார்த்து, வெட்டும் இடத்தை ஒன்றரை விரல் மேலே தள்ளினார். பிள்ளைக்கு ஏற்ற ஓ நெகட்டிவ் ரத்தம் தயாராக இருந்தது. பச்சிளங்குழந்தை மருத்துவர் அருகில் நின்றார்.

வளையல்களை உள்ளே போகும் முன் கழற்ற வேண்டியிருந்தது. கை லேசாக வீங்கியிருந்ததால் சோப்புத் தண்ணீர் விட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஒன்றுகூட உடையவில்லை.

பெண் குழந்தை, 2.31 கிலோ. வெளியே வந்த உடனே அழுதது. நிறம் சிவப்பு. ஹீமோகுளோபின் 16.2, ரத்தம் ஏற்றத் தேவை இல்லை. முதல் நாள் மூச்சுக்குச் சிறு உதவி, பிறகு மஞ்சள் காமாலைக்கு இரண்டு நாள் விளக்கு வெளிச்சம். ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனது.

நஞ்சை எங்கள் மேசையில் விரித்துப் பார்த்தோம். கொடி சவ்வில் ஒட்டிய இடத்துக்கும் நஞ்சின் விளிம்புக்கும் இடையே 5.8 செ.மீ. இருந்தது. அந்த இடைவெளி முழுவதும் ஒரு தமனியும் ஒரு சிரையும் கண்ணாடித்தாள் போன்ற சவ்வில் வெறுமையாகக் கிடந்தன. விரல்நுனியால் தொட்டேன். பனிக்குடம் தானாக உடைந்திருந்தால் கிழிந்திருக்கும் இடம் அதுதான்.

பிரசவத்துக்கு முன் போட்ட வளையலைப் பேறு பார்த்தவருக்குக் கொடுப்பது வழக்கம். மூன்றாம் நாள் அந்த அம்மா ஸ்கேன் அறைக்கு வந்து, ஒரு பச்சை வளையலை என் கையில் போட்டார். "நீங்கதான்மா முதல்ல பார்த்தது" என்றார். தாதியருக்கும் மருத்துவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

20-ஆவது வாரப் படங்கள்

குடும்பத்தின் ஒப்புதலோடு பழைய ஸ்கேன் படங்களை வரவழைத்தோம். யாரையும் குற்றம் சாட்டுவதற்காக இல்லை. அப்போதே தெரிந்திருக்குமா என்று பார்க்கத்தான். மொத்தம் 61 படங்கள். 38-ஆவது படத்தில், நஞ்சின் கீழ்விளிம்பை அளந்த அதே படத்தில், வாயருகே ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. இப்போது பார்த்தால் குழாய் என்று தெரிகிறது. அன்று அந்த இடத்தில் கலர் வைத்துப் பார்த்த படம் ஒன்று உண்டு, ஆனால் நிறம் எதுவும் வரவில்லை. ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன். வேக அளவு, அதாவது ஸ்கேல், வினாடிக்கு 38 செ.மீ. என்று இருந்தது. இதயத்தைப் பார்த்துவிட்டு அதே அமைப்பிலேயே கீழே வந்திருக்கிறார்கள். அந்த அளவில் மெதுவாக ஓடும் ரத்தம் திரையில் வராது. ஆக, அன்று ஸ்கேன் எடுத்தவர் தேடியிருக்கிறார். கருவிதான் அவருக்குக் காட்டவில்லை.

அந்த ஸ்கேன் எடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்தேன். என்னைவிட வயதில் சின்னவர், தமிழ்ப் பெண்தான். விஷயத்தைச் சொன்னதும் சிறிது நேரம் பேசவில்லை.

"அக்கா, பிள்ளை?"

"நல்லா இருக்கு. வீட்டுக்குப் போயாச்சு."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டார்: "நீங்க ஸ்கேலை எவ்வளவுக்கு இறக்கினீங்க?"

"பன்னிரண்டு. கெயினை இரைச்சல் வர்ற வரைக்கும் ஏத்திட்டு, அப்புறம் ஒரு படி குறைச்சேன்." கெயின் என்பது சிக்னலைப் பெருக்கிக் காட்டும் அளவு.

"பன்னிரண்டு" என்று திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டார். சனிக்கிழமை அவர் எங்கள் அறைக்கு வந்தார். அன்று வந்த நான்கு பேருக்கும் அவரே கொடி ஒட்டிய இடத்தைத் தேடினார், நான் பக்கத்தில் நின்றேன். முதல் ஆளுக்கு மூன்று நிமிடம் ஆயிற்று. நான்காவது ஆளுக்கு நாற்பது வினாடி.